பிரிட்டெனின் செல்லோ சொனாட்டா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்லோ (வயலின் குடும்பத்தில் பெரிய, கனமான குரல் கொண்ட வாத்தியம்) இசையில் கொஞ்சம் புதுசாக, தற்கால இசையாக ஏதாவது சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான் அனுப்புவேன். கேட்டுவிட்டு அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகள் பதினைந்து, பதினாறுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது.

எந்த சொனாட்டாவைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டென், செல்லோவுக்கும் பியானோவுக்கும் சி சுருதியில் எழுதிய சொனாட்டா, ஓபஸ் (படைப்பு எண்) 65. 1960 டிசம்பரிலும் 1961 ஜனவரியிலுமாக எழுதி முடித்தார். ஐந்து பகுதிகள். மொத்தம் இருபது நிமிடத்தை ஒட்டி வரும்.

தமிழில் எழுதும்போது இவர் பெயர் ஒரு தொல்லை. வழக்கமான எழுத்தில் நாட்டின் பெயரும் இவர் பெயரும் ஒன்றாகிவிடும். 'பிரிட்டன் எழுதிய சொனாட்டா' என்றால் நாடே உட்கார்ந்து எழுதியது போல ஆகிவிடும் என்பதால் 'பிரிட்டென்' என்று எழுதுகிறேன்.

அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதைப் போய்த் தற்கால இசை என்கிறீர்களே?

நியாயமான கேள்வி. ஆனால் இந்த இரண்டு வாத்தியங்களுக்கான சொனாட்டா பீத்தோவனிடம் 1796-இல் தொடங்குகிறது. அவர் ஐந்து எழுதினார், பிராம்ஸ் இரண்டு எழுதினார். கச்சேரி மேடையில் இன்றும் அதிகம் ஒலிப்பவை அவைதான். அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் 1961 நேற்று மாதிரி. அப்புறம் இன்னொன்று. செல்லோ கச்சேரி என்றதும் நீளமான, உருக்கமான மெட்டை எதிர்பார்த்து வந்து உட்காருபவருக்கு இதன் முதல் ஒரு நிமிடம் இன்றும் புதிதாகத்தான் இருக்கும்.

சொனாட்டா என்றால் என்ன?

ஒன்றோ இரண்டோ வாத்தியங்களுக்காக, பல பகுதிகளாக எழுதப்படும் நீண்ட இசைப்படைப்பு. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

இதை யாருக்காக எழுதினார்?

ரஷ்ய செல்லோ கலைஞர் ம்ஸ்டிஸ்லாவ் ரோஸ்ட்ரபோவிச்சுக்காக. இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1960 செப்டம்பர் 21. லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் முதல் செல்லோ கான்செர்டோவை (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) ரோஸ்ட்ரபோவிச் வாசிக்கிறார். அதற்கு முந்தின ஆண்டுதான் லெனின்கிராடில் அரங்கேறிய படைப்பு, பிரிட்டனில் அதுவே முதல் முறை. ஷோஸ்டகோவிச்சும் வந்திருந்தார். அவர் பக்கத்தில் பிரிட்டென். வாசிப்பைக் கேட்டு பிரிட்டென் பள்ளிக்கூடப் பையன் போல இருக்கையில் துள்ளிக்கொண்டிருந்தாராம். சந்தோஷம் தாங்காமல் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தார் என்று ஷோஸ்டகோவிச் பிறகு ரோஸ்ட்ரபோவிச்சிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

கச்சேரி முடிந்ததும் ஷோஸ்டகோவிச்தான் இருவரையும் அறிமுகம் செய்துவைத்தார். ரோஸ்ட்ரபோவிச்சுக்கு அப்போது வயது 33. வெட்கப்படும் ரகம் இல்லை. பார்த்த மாத்திரத்தில் 'செல்லோவுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள்' என்று பிடித்துக்கொண்டார். யாரைப் பார்த்தாலும் இதைக் கேட்பது அவர் வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் செல்லோ படைப்புகளில் பெரும் பங்கு இவருக்காக எழுதப்பட்டதற்கு அந்தக் கூச்சமின்மையும் ஒரு காரணம். மறுநாள் பிரிட்டென் ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை: சஃபோக் கடற்கரையில் ஆல்ட்பரோ என்ற சிறு ஊரில் தான் நடத்தும் இசை விழாவுக்கு வந்து, அதை அங்கேதான் முதலில் வாசிக்க வேண்டும்.

அது பனிப்போர்க் காலம். சோவியத் கலைஞர் ஒருவர் நினைத்தபோது ஆங்கிலேய மீன்பிடி ஊருக்குக் கிளம்பிவிட முடியாது. மாஸ்கோவில் அனுமதி கிடைக்க வேண்டும். கிடைத்தது. 1961 ஜூலை 7 அன்று ஆல்ட்பரோ ஜூபிலி ஹாலில் ரோஸ்ட்ரபோவிச் செல்லோவும் பிரிட்டென் பியானோவும் வாசிக்க, சொனாட்டா அரங்கேறியது.

அதே விழாவில் ரோஸ்ட்ரபோவிச்சின் மனைவி கலீனா விஷ்னெவ்ஸ்கயாவும் பாடினார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் பிரிட்டென், அப்போது மனதில் இருந்த 'வார் ரெக்வியம்' என்ற போர் இரங்கல் படைப்பின் பெண்குரல் பகுதியை அவருக்கென்று எழுதினார். 1962-இல் அதன் அரங்கேற்றத்துக்கு விஷ்னெவ்ஸ்கயாவை சோவியத் அரசு விடவில்லை. அது வேறு கதை.

ஒருவருக்கு ஆங்கிலம் தெரியாது, இன்னொருவருக்கு ரஷ்ய மொழி தெரியாது. எப்படிப் பேசிக்கொண்டார்கள்?

உடைந்த ஜெர்மனில். இரண்டு பேருக்கும் ஜெர்மன் அரைகுறை, இலக்கணம் இருவருக்குமே அகப்படவில்லை. அந்தக் கலவைக்கு அவர்களே 'ஆல்ட்பரோ ஜெர்மன்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

1961 மார்ச்சில் ரோஸ்ட்ரபோவிச் லண்டன் வழியாகப் போனபோது முதன்முறையாகச் சேர்ந்து வாசித்துப் பார்க்க உட்கார்ந்தார்கள். இருவருக்கும் பயம். பிரிட்டென் அபாரமான பியானோ கலைஞர், ஆனால் வாசிக்கும் முன் நடுங்குகிற ஆள். ரோஸ்ட்ரபோவிச்சுக்கோ, எழுதியவர் முன்னாலேயே முதல் முறை வாசிக்க வேண்டும். முதலில் கொஞ்சம் குடிக்கலாமா என்று பிரிட்டென் கேட்க, ஒரு பெரிய விஸ்கி. இன்னொன்றுக்கு நேரம் இருக்கிறதா? இருக்கிறது. இப்படி நாலைந்து ஆன பிறகுதான் வாசிக்க உட்கார்ந்தார்கள். படுமோசமாக வாசித்தோம், ஆனால் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று ரோஸ்ட்ரபோவிச் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதை வெறும் வேடிக்கைக் கதையாக நான் சொல்லவில்லை. இந்த சொனாட்டாவின் முதல் பகுதிக்குப் பெயரே 'டயலோகோ', அதாவது உரையாடல். பொது மொழி இல்லாத இரண்டு பேர், கையில் இருக்கும் இரண்டு மூன்று சொற்களை வைத்துக்கொண்டு பேச முயன்றால் எப்படி இருக்கும்? இசை அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

முதல் பகுதி ஏன் திக்கித் திக்கி ஆரம்பிக்கிறது? மெட்டே இல்லையே?

இருக்கிறது, மிகச் சின்னதாக. பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் இரண்டு, அவ்வளவுதான். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஏறுவது, அல்லது இறங்குவது. ஸ-ரி, ரி-ஸ என்று பாடிப் பாருங்கள். அந்த இரண்டு ஸ்வரத் துணுக்கை வைத்துத்தான் முழுப் பகுதியும் கட்டப்பட்டிருக்கிறது என்று பிரிட்டெனே தன் நிகழ்ச்சிக் குறிப்பில் சொல்கிறார்.

ஆரம்பத்தில் செல்லோ அதை முணுமுணுக்கிறது. இரண்டு ஸ்வரம், ஒரு இடைவெளி. மறுபடி இரண்டு ஸ்வரம், இடைவெளி. சொல்ல வந்ததை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு 'அது வந்து... அது வந்து...' என்று இழுக்கும் ஆளைப் போல. பியானோ அடியில் நிதானமாக நகர்ந்துகொண்டிருக்கிறது, பேசுகிறவரை அவசரப்படுத்தாமல் 'ம், சொல்லுங்க' என்பது போல. கொஞ்சம் கொஞ்சமாகத் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி வாக்கியம் ஆகின்றன. பிறகு சண்டை மாதிரி ஒரு கட்டம், இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்.

அப்புறம் அதே இரண்டு ஸ்வரம் இழுத்து நீட்டப்பட்டு, பாடக்கூடிய ஒரு மெட்டாக மாறுகிறது. இரண்டாவது தடவை கேட்கும்போது இந்த இடத்தைக் கவனியுங்கள். புது மெட்டு வந்ததாகக் காது நினைக்கும். உண்மையில் திக்கல்தான் பாட்டாகியிருக்கிறது.

இரண்டாவது பகுதியில் வில் எங்கே போனது?

கீழே வைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம். 'ஸ்கெர்ட்ஸோ-பிசிகாட்டோ' என்று பெயர். ஸ்கெர்ட்ஸோ என்றால் விளையாட்டான, வேகமான பகுதி. பிசிகாட்டோ என்றால் வில்லைத் தொடாமல் விரலால் தந்தியைச் சுண்டி வாசிப்பது. மற்ற படைப்புகளில் இது ஊறுகாய் மாதிரி இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் வரும். இங்கே இரண்டரை நிமிடமும் அதுதான்.

செல்லோவின் தந்தி கிடார் தந்தியைவிடத் தடிமன், இழுவிசையும் அதிகம். ஒரு விரலால் வேகமாகச் சுண்டிக்கொண்டே போனால் ஓசை சீக்கிரம் கரகரக்கும், விரல் நுனியும் எரியும். அதனால் கிடார்காரர் போல வலது கையின் பல விரல்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்படி பிரிட்டென் எழுதியிருக்கிறார். கச்சேரியில் பார்க்கக் கிடைத்தால் வலது கையை மட்டும் பாருங்கள்.

பியானோவும் இங்கே சுண்டுவது போலவே பேசுகிறது. பியானோவில் சுத்தியல் தந்தியைத் தட்டிவிட்டு விலகிவிடும், ஓசை பிறந்த நொடியிலிருந்தே தேய ஆரம்பிக்கும். சுண்டிய செல்லோவும் அப்படியே. வில் இருக்கும்போது ஸ்வரத்தை விரும்பியபடி நீட்டவும் வளர்க்கவும் செல்லோவால் முடியும், பியானோவால் முடியாது. அந்த வித்தியாசத்தை இந்தப் பகுதியில் பிரிட்டென் எடுத்துவிடுகிறார். இருவரும் ஒரே பாஷை பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் சொனாட்டாவிலேயே கெட்டிக்காரத்தனமான யோசனை இதுதான்.

'சி' என்று மட்டும் இருக்கிறதே, மேஜரா மைனரா?

மேஜர் என்றால் பொதுவாக வெளிச்சமாக ஒலிக்கும் ஸ்வர வரிசை, மைனர் இருண்டது. இரண்டும் சொல்லப்படவில்லை, வேண்டுமென்றேதான். சி ஸ்வரம் வீட்டு வாசல் மாதிரி. அங்கிருந்து கிளம்பி அங்கே திரும்பி வருகிறார்கள். வீட்டுக்குள் வெளிச்சமா இருட்டா என்பது நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

'எலிஜியா' யாருக்கான இரங்கல்?

யார் பெயரும் இல்லை. மூன்றாவது பகுதி இது. சொனாட்டாவின் நடு, அதன் கனமான இடமும்கூட. பியானோ இருண்ட பின்னணியாக நிற்க, செல்லோ நீளமாக ஒரு மெட்டைப் பாடுகிறது. நீளமான, உருக்கமான மெட்டு வேண்டும் என்று வந்தவர்களுக்குக் கடைசியில் அது கிடைத்துவிட்டது.

போகப் போக செல்லோ ஒரே நேரத்தில் இரண்டு தந்தி, மூன்று தந்தி, நான்கு தந்தி என்று சேர்த்து ஒலிக்கத் தொடங்குகிறது. செல்லோவின் தந்திகள் ஒரு வளைந்த பாலத்தின் மேல் கிடப்பதால் வில்லால் நான்கையும் ஒன்றாகத் தொட முடியாது, கீழிருந்து மேலாக உருட்டித்தான் வாசிக்க வேண்டும். அந்த உருட்டலில் ஒரு பாரம் தூக்குகிற முயற்சி காதுக்குத் தெரியும். உச்சத்தை அடைந்த பிறகு எல்லாம் தணிந்து, அடங்கி, ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆகிறது.

மார்ச் (அணிவகுப்பு இசை) பகுதி கேலியா, பயமா?

இரண்டும்தான் என்று படுகிறது. நாலாவது பகுதி, இரண்டு நிமிடத்தை ஒட்டித்தான் வரும். வெட்டி வெட்டி நடக்கும் ஒரு அணிவகுப்பு. மெட்டு பியானோவில், செல்லோ அடியில் உறுமுகிறது. பொம்மைப் படைவீரர்கள் போல வேடிக்கையாக இருக்கும், ஆனால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் பல்லைக் கடித்த சிரிப்பு. ஷோஸ்டகோவிச், புரோகோஃபியெவ் இருவரையும் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த ரகம் உடனே பிடிபடும். ரஷ்ய நண்பருக்கு எழுதும்போது அவர் ஊர் பாணியில் ஒரு வார்த்தை பேசிக் காட்டுகிறார் பிரிட்டென்.

நடுவில் தூரத்துக் கொம்பு ஊதல் மாதிரி அழைப்புகள். பிறகு மார்ச் திரும்பி வருகிறது, இந்த முறை மிக மெதுவான ஓசையில். ஆரம்பத்தில் அடியில் உறுமிய செல்லோ வரி இப்போது உச்சத்துக்குப் போய்விடுகிறது, அதுவும் ஹார்மோனிக்ஸில். இடது கை விரல் தந்தியை அழுத்தாமல் சும்மா தொட்டுக்கொண்டிருக்க, வில் போட்டால் வரும் சீழ்க்கை போன்ற மெல்லிய ஒலி அது. ஊரைத் தாண்டிப் போன படை, பேய்களாகத் திரும்பி வருவது போல இருக்கும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கடைசிப் பகுதியில் ஷோஸ்டகோவிச்சின் பெயர் ஒளிந்திருக்கிறதாமே?

ஷோஸ்டகோவிச் தன் பெயரின் எழுத்துகளை ஜெர்மன் ஸ்வரப் பெயர்களாக மாற்றி நான்கு ஸ்வரக் கையெழுத்து ஒன்று வைத்திருந்தார்: டி, ஈ ஃபிளாட், சி, பி. அதன் சாயல் இங்கே கேட்கிறது என்று எழுதியவர்கள் உண்டு. பிரிட்டெனின் சொந்தக் குறிப்பில் அப்படி எதுவும் இல்லை. அறிமுகம் செய்துவைத்தவருக்கு ஒரு வணக்கம் என்று எடுத்துக்கொண்டால் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைத் தேடிக்கொண்டே கேட்டால் மற்றதெல்லாம் கைநழுவிப் போகும்.

தேடுவதற்கு அதைவிட நல்ல விஷயம் வில். தந்தியின் மேல் வில் துள்ளித் துள்ளி விழும். பகுதியின் பெயர் 'மோட்டோ பெர்பெட்டுவோ', ஓயாத ஓட்டம். ஒரே மெட்டுதான் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் ஒரு சமயம் மேலே போய் ஏங்கும், ஒரு சமயம் கீழே இறங்கி முணுமுணுக்கும், ஒரு சமயம் கவலையே இல்லாமல் குதிக்கும். முதல் பகுதியில் இரண்டு சொல்லுக்கே தடுமாறிய ஆளா இது என்று இருக்கும்.

பியானோ வெறும் பக்கவாத்தியமா?

இல்லை. பீத்தோவன் தன் முதல் இரண்டு சொனாட்டாக்களை வெளியிட்டபோது பியானோ பெயர்தான் முன்னால் இருந்தது, செல்லோதான் கூட வந்தது. இந்த ஜோடியில் பழைய பிரச்சினை எப்போதுமே பியானோ செல்லோவை மூழ்கடிப்பதுதான். செல்லோவின் வளமான ஒலி ஆண்குரல் தங்கும் இடத்தில் இருக்கிறது, பியானோக்காரரின் இடது கையும் அங்கேதான் குடியிருக்கிறது. இரண்டும் மோதினால் செல்லோ தோற்கும்.

பிரிட்டென் பியானோவைச் சிக்கனமாக எழுதித் தப்பிக்கிறார். இரண்டு கையையும் நிறைத்துக் கொட்டும் இடங்கள் குறைவு. வாழ்நாள் முழுக்க பாடகர் பீட்டர் பியர்ஸுக்குப் பியானோ வாசித்தவர் அவர், ஒரு குரலுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது விரலிலேயே இருந்தது.

எந்தப் பதிவைக் கேட்கலாம்?

அரங்கேற்றம் நடந்த 1961-லேயே அதே இருவரும் டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார்கள். ஷூமன், டெபுஸி படைப்புகளும் அந்த இசைத்தட்டில் உண்டு. முதலில் அதையே கேளுங்கள். பிறகு யோ-யோ மாவும் இமானுவேல் ஆக்ஸும் வாசித்தது, அல்பன் கெர்ஹார்ட்டும் ஸ்டீவன் ஆஸ்போர்னும் வாசித்தது. ஓசைத் தெளிவில் பின்னவை மேல். ஆனால் மார்ச் பகுதியில் ரோஸ்ட்ரபோவிச்சிடம் இருக்கும் குறும்பு வேறு யாரிடமும் எனக்குக் கிடைக்கவில்லை. பிடிவாதம் என்று சொன்னாலும் சரி.

எப்படிக் கேட்பது? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

முதலில் நான் செய்ததைச் செய்யாதீர்கள். முதல் தடவை நான் இதைக் கேட்டது ஓடும் பஸ்ஸில், மலிவான இயர்போனில். எலிஜியா தணிந்து அடங்கும் இடத்தில் பாட்டு நின்றுவிட்டது என்று நினைத்து, போனை எடுத்து அடுத்ததைத் தட்டிவிட்டேன். மார்ச்சில் அந்தப் பேய் ஊதலும் இன்ஜின் சத்தத்தில் போயே போய்விட்டது. 'சுமார்தான்' என்று முடிவு கட்டி ஏழெட்டு மாதம் தொடவே இல்லை.

இந்தப் படைப்பில் முக்கியமான விஷயங்கள் பல மிக மெதுவான ஓசையில் நடக்கின்றன. வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். முழுசாகக் கேட்கப் பொறுமை இல்லை என்றால் இரண்டாவது பகுதியில் தொடங்குங்கள், யாருக்கும் பிடிக்கும். அடுத்து நாலு, ஐந்து. பழகிய பிறகு முதலிலிருந்து வரிசையாக. வரிசையை மாற்றுவது பாவம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள், இருக்கட்டும்.

செல்லோ கற்றுக்கொண்டிருக்கிறேன். வாசிக்க முடியுமா?

எலிஜியாவின் தொடக்க மெட்டை ஓரளவு கைவந்தவர்கள் முயன்று பார்க்கலாம். மற்ற பகுதிகள் தொழில்முறைக் கலைஞர்களையே வேலை வாங்குபவை. பிசிகாட்டோ பகுதியை ஆசையில் ஒரே மூச்சில் பயிற்சி செய்து விரலில் கொப்புளம் வாங்காதீர்கள், ஆசிரியரைக் கேட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக.

அடுத்து என்ன கேட்பது?

இதே நட்பில் பிறந்த மற்றவை. 1964-இல் மாஸ்கோவில் அரங்கேறிய செல்லோ சிம்பொனி, தனி செல்லோவுக்கான மூன்று ஸ்வீட்டுகள் (சிறு பகுதிகள் பல சேர்ந்த தொகுப்பு). இருவரும் பின்னால் பதிவு செய்த ஃபிராங்க் பிரிட்ஜின் சொனாட்டாவும் உண்டு. பிரிட்ஜ், பிரிட்டெனின் குருநாதர்.

ஸ்வீட்டுகளுக்குப் பின்னாலும் ஒரு கதை. 1964-இல் இருவரும் காரில், இளவரசி மேரி இருந்த ஹேர்வுட் மாளிகைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அரச குடும்பத்தவரைப் பார்த்தால் சுழன்று குனிந்து பிரமாதமாக ஒரு வணக்கம் போடப் போகிறேன் என்று ரோஸ்ட்ரபோவிச் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். பிரிட்டெனுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வழியில் சாப்பிட நிறுத்திய இடத்தில் ரோஸ்ட்ரபோவிச் மெனு அட்டை ஒன்றில் ஒப்பந்தம் எழுதினார்: செல்லோவுக்கு ஆறு பெரிய படைப்புகள் எழுதித் தந்தால் அந்த வணக்கம் போடமாட்டேன். பிரிட்டென் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது ஸ்வீட்டை 1971-இல் எழுதினார். அதற்குள் ரோஸ்ட்ரபோவிச் சோவியத் அரசின் கோபத்துக்கு ஆளாகியிருந்ததால், அவர் நாட்டைவிட்டு வெளியேறிய 1974-இல்தான் அது அரங்கேறியது. 1976 டிசம்பரில் பிரிட்டென் இறந்தார். மெனு அட்டைக் கணக்கில் இன்னும் மூன்று பாக்கி.